காஞ்சிப் பிக்குவும் மண்டபத்துத் திறப்பும்

எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பூட்டு விழுந்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்; நீங்கள் மட்டும் தெரியாமல் இருப்பானேன். வெள்ளம் வந்து பூட்டவில்லை, களவு போய்ப் பூட்டவில்லை. நான் எழுதிய இரண்டரைப் பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அதை வாசித்த வண்ணக்கர், அதாவது கோயிலை நிர்வகிக்கிறவர், அன்றைக்கே களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு ஆள் அனுப்பிப் புதுப் பூட்டு ஒன்று எடுப்பித்தார். முப்பது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தை வாசித்துவிட்டு ஒருவர் எழுந்து போய் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

அந்த மண்டபத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கராத்தே பழகினேன். வயது ஐம்பத்திரண்டு, இரத்தத்தில் சீனி, இடுப்பளவைச் சொல்லப் போவதில்லை. கிளினிக்கில் டொக்டர், "நடங்க, இல்லாட்டி வியர்க்கிற மாதிரி வேற ஏதாவது செய்யுங்க" என்றார். எங்கள் ஊரில் காரணமில்லாமல் நடப்பது லேசான காரியமில்லை. நூறு அடி போவதற்குள் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன சேர், சைக்கிள் காத்துப் போயிற்றா?" என்று கேட்டு, பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிடுவார். ஒரு கிழமை, ஏழு நாளும், இப்படி நடக்கப் போய் வாகனத்தில் திரும்பினேன்.

கராத்தேயைத் தெரிவுசெய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசியாவின் சண்டைக் கலைகளைப் பற்றி என்னிடம் ஒரு அலுமாரித் தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது. சீனத்து மடங்கள், தடி சுழற்றும் பிக்குகள், வாளை மடியில் வைத்துக்கொண்டு தியானத்தில் இருக்கும் ஜப்பானிய வீரர்கள் எல்லோரும் எனக்கு நல்ல பழக்கம். எல்லாவற்றையும் படுத்திருந்தே வாசித்தவன் நான். வாழ்க்கையில் ஓங்கி அடித்தது காதில் ரீங்காரமிடும் நுளம்பை மட்டும்தான். அதிலும் பாதி தப்பிவிட்டன.

எங்கள் மாஸ்டர் முப்பத்தைந்து வயதுப் பெண். பகலில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், பின்னேரத்தில் கறுப்புப் பட்டி. பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். நான் படிப்பித்ததில் ஒன்றும் தனக்கு ஞாபகமில்லை என்று ஒருமுறை மிகுந்த மரியாதையோடு சொன்னாள். மண்டபத்துக்கு வெளியே அவள் எனக்குப் "புள்ள". உள்ளே "மிஸ்". நான் அவளுக்கு எங்கேயும் "சேர்"தான். "சேர், முழங்கால மடக்குங்க சேர். இன்னும் சேர். அது முழங்கால் இல்ல சேர்." இப்படி மரியாதையாக என்னை யாரும் வதைத்ததில்லை.

அவள் கறுப்புப் பட்டி எடுத்த கதை, கொழும்புக்குப் போய்வந்த கதை. பச்சைக்கு மேலே உள்ள பட்டிப் பரீட்சை எப்போதும் கொழும்பில்தான். அப்பாவோடு பஸ்ஸில் இரவிரவாகப் போய், கால் வீங்கி இறங்கி, உதைத்துக் காட்டிவிட்டு, திரும்பவும் பஸ். அவளுக்கு அப்படி ஒரு அப்பா வாய்த்தார். அவளிடம் பழகும் பெண் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. "வகுப்புக்கு அனுப்புறம் மிஸ், கொழும்புக்கு ஏலா" என்பார்கள் பெற்றார். ஏழு வருடமாக வகுப்பு நடத்துகிறாள். ஒரு பெண் பிள்ளைகூடப் பச்சைப் பட்டிக்கு மேலே போகவில்லை. ஒரு கட்டத்தில் அலுத்து நின்றுவிடுவார்கள். ஆகவே பரீட்சகரை இங்கே வரச்சொல்லி நாலு வருடம் கடிதம் போட்டாள். இந்த வருடம்தான் வருகிறேன் என்று பதில் வந்தது. இரண்டு நிபந்தனை: சீமெந்துத் தரையுள்ள, கூரை போட்ட மண்டபம் வேண்டும், குறைந்தது பன்னிரண்டு பேர் பரீட்சைக்கு நிற்க வேண்டும்.

பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். என்னைச் சேர்த்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை என்பதை அவள் மறைக்கவுமில்லை.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய கிழமை என்னிடம் ஒரு உதவி கேட்டாள். "சேர், பெற்றாருக்குக் குடுக்க ஒரு துண்டு எழுதித் தாங்க. கராத்தே பழகினாப் பிள்ளைகளுக்கு என்ன நன்மை, எத்தினை மணிக்கு வரோணும். அரைப் பக்கம் காணும்."

அரைப் பக்கம். முப்பது வருட எழுத்தாளனிடம், ஒரு தட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவனிடம், அரைப் பக்கம் கேட்கிறாள்.

இரண்டரைப் பக்கம் எழுதினேன். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பிக்கு கப்பலேறிச் சீனா போனதில் தொடங்கினேன். அவர் மலையடிவார மடம் ஒன்றில் மெலிந்து சோர்ந்து கிடந்த பிக்குகளைக் கண்டு மனம் இரங்கி, உடம்பை வளர்க்கப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார் என்றேன். அது குத்தாகி, உதையாகி, கடல் தாண்டி ஒகினாவாத் தீவுக்குப் போனது என்றேன். கராத்தே என்ற சொல்லுக்கு முதலில் சீனக் கை என்றுதான் பொருள், பிறகுதான் அதை வெறுங்கை என்று மாற்றி எழுதினார்கள், அந்த வெறுமையிலும் புத்த சமயத்தின் வாசனை இருக்கிறது என்றேன். எங்கள் மாவட்டத்தில் பழையவர்கள் ஆடின அடிதடிக் கலைக்குச் சீனடி என்று பெயர் இருக்கிறதே, அதையும் விடவில்லை. போனது திரும்பி வந்துவிட்டது என்று ஒரு போடு போட்டேன். பரீட்சை எத்தனை மணிக்கு என்பதை மறந்துவிட்டேன். கடைசிப் பந்தியில் அந்த வரி:

"காலணி கழற்றி, தலை குனிந்து, கண் மூடி நாம் அமரும் இந்த மண்டபமும் ஒரு பழைய பௌத்த மடமே."

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு கட்டுரையைப் போட்டோகொப்பி எடுத்து வீடுவீடாகக் கொடுப்பித்தேன். அதுவும் போதாதென்று ஊர் வட்சப் குழுவிலும் போட்டேன். கீழே என் பெயர், பதவி: வரலாற்று ஆசிரியர்.

வேறு எங்காவது என்றால் அந்த வரி ஒரு உவமை. வாசித்தவர் 'நல்லா எழுதியிருக்கிறார்' என்றோ 'ஏன் இப்படி எழுதுகிறார்' என்றோ சொல்லிவிட்டுப் போவார். எங்கள் மாவட்டம் அப்படியில்லை. இங்கே எந்தப் பக்கத்துக்காரரும் எந்தப் பழைய கல்லையும் நிம்மதியாகப் பார்க்க ஏலாது. ஒரு கிணறு தோண்டினால் செங்கல் வந்துவிடுமோ என்று பயந்து தோண்டுகிற இடம். பழைய செங்கல் வந்தால், இது எங்கள் சமயத்தின் இடம் என்று யாராவது காணியை அளக்க வந்துவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்து, வரலாறும் படிப்பிக்கிற ஒருவன், ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டி அது இன்ன சமயத்தின் பழைய மடம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் உவமை இல்லை. காணிப் பத்திரம்.

புதன்கிழமை பின்னேரம் வெள்ளை உடுப்போடு போனேன். மண்டபக் கதவில் பூட்டு. பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். பக்கத்து வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு வண்ணக்கர் இருக்கிறார். அறுபத்தைந்து வயது, தோளில் துவாய், கையில் என் கட்டுரை. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் போடுவதைவிட நேரான கோடு.

"சேர், இது நீங்க எழுதினதா?"

"ஓம் அண்ணன்."

"ஆரும் சொல்லித் தந்து எழுதினதா?"

"இல்ல, நானேதான்."

"பழைய பௌத்த மடம் எண்டு இரிக்கி."

"அது ஒரு உவமை அண்ணன்."

"உவமைக்கு உறுதி இரிக்கா?"

உறுதி என்றால் எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரம். அவரே தொடர்ந்தார்.

"மண்டபத்துக்கு உறுதி இரிக்கி. சுனாமிக்குப் பிறகு கட்டினது. அத்திவாரம் வெட்டக்குள்ள நான் பக்கத்தில நிண்டவன். மண்ணுக்குள்ள இருந்து வந்தது ஒரு பழைய செருப்பும் சோடாப் போத்தலும்தான். நாளைக்கு ஆரும் அளவு நாடாவோட வந்து நிண்டா நான் உறுதியக் காட்டுவன். அவங்க உங்கட கடதாசியக் காட்டுவாங்க. உங்கட ஊர்ல வரலாறு படிப்பிக்கிற சேரே எழுதியிருக்காரு எண்டுவாங்க. மறுகா நான் என்னத்தச் சொல்ல?"

இருபத்தேழு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். ஒரு ஆவணம் எப்படிச் சாட்சியாகும் என்று ஒழுங்காக விளங்கியது அன்றைக்கு வேப்பமரத்தின் கீழேதான்.

"பரீட்சை ஞாயிற்றுக்கிழமை அண்ணன். பிள்ளைகள்..."

"பிள்ளைகள்ல கோபமில்ல. கடதாசி இரிக்கும் மட்டும் பூட்டும் இரிக்கும்."

மாஸ்டர் அவரோடு ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. அவரை வணங்கிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக வாவிக்கரைக்குக் கூட்டிப் போனாள். நானும் வரிசையில் கடைசி ஆளாகப் போனேன். அன்றைய வகுப்பு ஈர மணலில் நடந்தது. நான் உதைக்கத் தூக்கிய கால் பரவாயில்லை. ஊன்றிய கால் நண்டு வளைக்குள் இறங்கிவிட்டது. தோணியில் வலையிழுத்துக்கொண்டிருந்த இருவர் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "வேற மண்டபம் பாப்பமே, புள்ள?"

"பாத்திட்டன் சேர். பள்ளிக்கூடத்தில அண்டைக்கு வேற பரீட்சை. கலியாண மண்டபத்தில கலியாணம்."

"பரீட்சகர் இந்த மணல்ல பரீட்சை எடுக்க மாட்டாரா?"

"போன் எடுத்துக் கேட்டன். மாட்டாராம்." பட்டியை அவிழ்த்து மடித்தாள். "நாலு வருசம் கடிதம் போட்டன் சேர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரவுண் பட்டிக்கு நிற்கவிருந்த இரண்டு பெண் பிள்ளைகள் பக்கத்தில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அதற்குப் பிறகு வீட்டில் விடமாட்டார்கள். மற்றவளின் தாய் இப்போதே விடுவதா வேண்டாமா என்று இருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் காஞ்சிபுரத்திலிருந்து கப்பலேறினேன்.

போகும்போது மாஸ்டர் திரும்பி, "சேர், ஒண்டு கேக்கட்டா? அந்த இரண்டரைப் பக்கத்தில, எப்பிடிக் குத்துறது எண்டு ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே" என்றாள்.

வீட்டில் மனைவியிடம் விசயத்தைச் சொல்லி, "ஒரு திருத்தம் எழுதிப் போடப்போறன்" என்றேன்.

"எத்தினை பக்கம்?" என்று கேட்டாள்.

அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகங்களை இறக்கினேன். என் எண்ணம், பௌத்தத்துக்கும் கராத்தேக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அழுத்தமாக ஒரு கட்டுரை எழுதி வண்ணக்கர் கையில் கொடுப்பது. இந்தத் தடவை படுக்காமல், மேசையில் நிமிர்ந்து இருந்து வாசித்தேன். நிமிர்ந்து இருந்து வாசித்தால் புத்தகங்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன.

காஞ்சிப் பிக்கு குத்துச் சொல்லிக் கொடுத்தார் என்ற கதையை எழுதிவைத்தவர்கள், அவர் செத்து ஆயிரம் வருடத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர் காலத்தை ஒட்டிய குறிப்புகளில் அவர் ஒருவரையும் குத்தவில்லை, குத்தச் சொல்லவுமில்லை. அமர்ந்திருக்கிறார். எல்லாவற்றிலும் பழைய குறிப்பு அவரைக் காஞ்சிபுரத்தார் என்றுகூடச் சொல்லவில்லை, பாரசீகத்தார் என்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதியது. பார்க்கவில்லை.

ஆனால் சம்பந்தம் இல்லை என்று எழுதவும் முடியவில்லை. சம்பந்தம் நிறைய இருந்தது, நான் எழுதிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஜப்பானிய வீரர்கள் தியான மண்டபத்துக்குப் போனது வெட்டப் பழக இல்லை. வெட்டு வரும்போது நெஞ்சு பதறாமல் இருக்கப் பழகத்தான் போனார்கள். எங்கள் வகுப்பின் தொடக்கத்தில் கண்ணை மூடி அமர்கிற அந்தச் சில நிமிடம் அங்கேயிருந்து வந்ததுதான். சீன மடத்துப் பிக்குகள் தடியெடுத்ததும் உண்மை. ஒரு எறும்பையும் கொல்வதில்லை என்று நேர்ந்துகொண்டவன் கையில் எதற்குத் தடி? அதற்கான காரணம் ஒரு கல்வெட்டில் இருக்கிறது. மடத்துக்கு வயல் இருந்தது. தண்ணீரில் ஓடும் அரைவை ஆலை இருந்தது. நாடு குழம்பியிருந்த காலத்தில் கொள்ளைக்காரர் வந்தார்கள். பிக்குகள் எதிர்த்து நின்றார்கள். பிறகு ஒரு போரில் அவர்கள் நின்ற பக்கம் வென்றது, வென்றவர் காணி கொடுத்தார், இன்ன காணி இந்த மடத்தினுடையது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கல் இன்றைக்கும் நிற்கிறது.

அவர்கள் தத்துவத்துக்காகத் தடியெடுக்கவில்லை. கோயில் காணிக்காக எடுத்தார்கள்.

நான் புத்தகத்தை மூடினேன். இரண்டரைப் பக்கம் முழுக்க நான் தேடித் திரிந்த பிக்கு, தோளில் துவாயோடு வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்திருக்கிறார். நான் அவருக்கு உவமை விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனேன். கோயிலுக்குச் சொந்தமான வயல் அங்கேதான், ஒரு வட்டையின், அதாவது வயல்வெளியின், நடுவில். அன்றைக்கு வேளாண்மை வெட்டு. அறுவடை மெசின் இரைந்துகொண்டு வயலுக்குள் ஓட, வண்ணக்கர் வரம்பில் குடையோடு நின்றார்.

"அண்ணன், நான் மன்னிப்புக் கேட்க வந்தன்!" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் இன்னும் பலமாகச் சொன்னேன். மெசின் அந்த மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை கையைக் காலை ஆட்டிக் கத்தினேன். மன்னிப்பைக் கத்திக் கேட்டால் பார்க்கிறவருக்குச் சண்டை மாதிரித்தான் தெரியும். ட்ரைவர் மெசினை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்தார். மூட்டை கட்டிக்கொண்டிருந்த இருவர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ன வண்ணக்கர், ஆரு இந்தாள்?"

"ஒண்டுமில்ல. நம்மட வரலாற்றுச் சேர். கராத்தேக்காரர்," என்றார் வண்ணக்கர். மூவரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். என்னைக் கண்டு யாரும் பயப்படவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர் குடையில் பாதியை எனக்குத் தந்தார். நான் படித்ததை அப்படியே சொன்னேன். எழுதினது பிழை, தெரிந்தும் பாராமல் எழுதினேன் என்றேன். பிறகு அந்த மடத்துக் கதையைச் சொன்னேன்.

"கோயில் காணிக்காகத்தான் அடிபட்டாங்களா?"

"ஓம் அண்ணன்."

"சாமிமாரா?"

"சாமிமார்தான். தடியோட."

"எவ்வளவு காணி?"

சொன்னேன். சீன அளவில் சொன்னதால் ஏக்கர் கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. அதில் அவருக்கு என்மேல் இருந்த மதிப்பு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

"எழுத்து வச்சிருந்தாங்களா?"

"கல்லில வெட்டி வச்சாங்க."

வண்ணக்கர் தலையை ஆட்டினார். "புத்தியுள்ள ஆக்கள்," என்றார். "அப்ப நீங்களும் எழுதித் தாங்க. கல்லு வேணாம், கடதாசி காணும். சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வைங்க. மண்டபம் எப்ப கட்டினது, ஆரு கட்டினது, நீங்க எழுதினது பிழை. வேற ஒண்டும் வேணாம்."

அன்று பின்னேரமே எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கம் வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனையை எடுத்தார். "'காலத்தின் மங்கிய ஒளியில்' எண்டு இரிக்கி. எதுக்கு மங்குது? லைட் போட்டிரிக்கம்." வெட்டினார். "'என் சிற்றறிவுக்கு எட்டியவரை.' எட்டினதா, இல்லையா?" வெட்டினார். "'ஒருவகையில்.' எந்த வகையில?" எனக்குத் தெரியவில்லை. வெட்டினார். முடிவில் நாலு வரி நின்றது. என் பெயரில் வந்த எழுத்துகளில் ஒரு பிழையும் இல்லாதது அதுதான். எத்தனையோ பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு ஆசிரியர் எனக்கு முன்பே வாய்த்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் சமாதான நீதவானிடம் போய்க் கையெழுத்து வைத்தேன். பின்னேரப் பூசைக்கு முன்னால் அந்த நாலு வரியையும் கோயில் ஒலிபெருக்கியில் நானே வாசித்தேன். அதுவும் அவர் நிபந்தனை. வட்சப்பில் போனது எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் இதுவும் போக வேண்டும் என்றார். வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்டதாம். வாசித்து முடித்து மைக்கைக் கொடுத்தபோது, வண்ணக்கர் மடியிலிருந்து திறப்பை, அந்தப் பூட்டின் சாவியை, எடுத்து மாஸ்டரின் கையில் வைத்தார். "கூட்டித் துடைச்சு வைங்க புள்ள. நாளைக்கு வெளியூர் ஆள் வாறாரு."

அவள் திறப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல ஆசை. உண்மையில் என் கையில் ஒரு தும்புத்தடியைத் தந்தாள்.

அந்த மண்டபத்தை நான் கூட்டியதுபோல் எதையும் கூட்டியதில்லை. மூலைமூலையாகக் கூட்டினேன். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அன்றைக்குச் சாப்பிட்ட புட்டும் மீன் குழம்பும்தான் அந்தக் கிழமையில் எனக்கு உருசி தெரிந்த முதல் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சகர் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நிமிர்ந்த முதுகு. கொஞ்சம் தமிழ் பேசினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கால் வைக்குமுன் மண்டபத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அவருக்குப் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேரும் குனிந்தோம். முன்வரிசைக் கதிரையில் இருந்த வண்ணக்கரை நான் கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் எழுந்து, துவாயைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தானும் குனிந்தார். கோயில் வாசலில் எல்லோரும் செய்கிறதுதானே. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு முழந்தாளிட்டு அமர்ந்தோம். மாஸ்டர் ஜப்பானியச் சொல் ஒன்றைச் சொல்ல, எல்லோரும் கண்ணை மூடினோம். வழக்கமாக இந்த நேரத்தில் என் மண்டை சும்மா இராது. சம்பளம், சீனி, எழுத வேண்டிய கட்டுரை என்று சந்தைக் கூச்சல். அன்றைக்கு அப்படியில்லை. பூட்டுத் திறந்துவிட்டது, பரீட்சகர் வந்துவிட்டார், பன்னிரண்டு பேரும் இருக்கிறோம்; இனி நான் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. மண்டை காலியானது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண் திறந்தபோது மற்றவர்கள் எழுந்துவிட்டிருந்தார்கள்.

பரீட்சை மதியம் வரை நடந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் கடைசியாக வந்தார்கள். அவர்கள் அடி வைக்கும்போது சீமெந்துத் தரையில் எழுந்த சத்தத்தை எழுதிக் காட்ட முயலமாட்டேன். அந்தப் புத்தி எனக்கு இப்போது வந்துவிட்டது. விடுவதா வேண்டாமா என்று இருந்த தாய், மகளின் ஒவ்வொரு உதைக்கும் தானும் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பதினொரு பேரும் தேறினார்கள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பிரவுண் பட்டியைப் பரீட்சகரே கட்டிவிட்டார். என் முறை வந்தபோது தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஐயாவை அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

நான் தேறவில்லை. ஒரு கணம் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் பக்கத்தில் நின்ற மாஸ்டர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "சேர், அடுத்த வருசமும் வாறாராம் சேர்! கேட்டீங்களா? அடுத்த வருசமும் வாறாரு!" அவள் கண் கலங்கியிருந்தது. என் மாணவி ஒருத்தி என் தோல்வியில் இவ்வளவு சந்தோசப்பட்டு நான் கண்டதில்லை. நானும் சந்தோசப்பட்டேன்.

தேத்தண்ணி நேரத்தில் பரீட்சகரிடம் போய், பௌத்தத் தியானத்துக்கும் கராத்தேக்கும் உள்ள தொடர்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். வண்ணக்கர் தள்ளி நிற்பதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் கேட்டேன். அவர் வடையை மென்றுகொண்டு யோசித்தார். "போயா தினத்தில அம்மாவோட பன்சலைக்குப் போறது," என்றார். பௌர்ணமிக்கு விகாரைக்குப் போவதைச் சொன்னார். "கராத்தே, இளம் வயசில இளைப்பு இருந்தது, டொக்டர்தான் போகச் சொன்னது."

இவருக்கும் டொக்டர்தான். மனம் இன்னும் லேசாகிவிட்டது.

எல்லோரும் போனபிறகு வண்ணக்கர் மண்டபத்தைப் பூட்ட வந்தார். திறப்பு அவர் விரலில் சுழன்றது. முகத்தில் கோபம் இல்லை. அந்தத் தெம்பில், காலையில் எனக்கு நேர்ந்ததை அவரிடம் சொன்னேன். இத்தனை வருடம் புத்தகத்தில் தேடினது, அந்தப் பழைய பிக்குமார் எல்லோரும் தேடின அந்த வெறுமை, இன்றைக்குக் கண்ணை மூடியிருந்த அந்த அஞ்சு நிமிசத்தில் எனக்குக் கிடைத்தது அண்ணன், நான் எங்கே இருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை என்றேன்.

அவர் பூட்டைக் கொழுவி, இழுத்துப் பார்த்தார்.

"சேர், மண்டபம் தந்தது கராத்தேக்கு. படுக்கிறதெண்டா வேற கடிதம் தரோணும். உங்கட குறட்டை முன்வரிசை வரைக்கும் கேட்டது."